34 கட்டில்கள், ஒரு நோட்டுப் புத்தகம்

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு விடியற்காலை, மணி நாலே முக்காலுக்கு, செஃப்ட்ரியாக்சோன் ஊசி மருந்துப் பொடியைக் கரைப்பதற்காக டிராலியின் மேல்தட்டிலிருந்து 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பியூல் (சிறு மருந்துக் குப்பி) ஒன்றை எடுத்துக் கழுத்தைத் திருகி, சிரிஞ்சில் இழுத்துவிட்டேன். எடுக்கும்போது ஒருமுறை, இழுக்கும்போது ஒருமுறை, கீழே வைக்கும்போது ஒருமுறை என்று மூன்று தடவை பெயரைப் படிக்க வேண்டும் என்பது முதலாம் ஆண்டிலேயே எங்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடம். முதல் இரண்டையும் நான் படிக்கவில்லை. மூன்றாவதைப் படித்தேன். காய்ச்சி வடித்த நீர் என்று நினைத்து நான் இழுத்திருந்தது பொட்டாசியம் குளோரைடு.

செவிலியர் அல்லாதவர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். அந்த 10 மில்லியில் 20 மில்லி ஈக்விவலண்ட் (உப்பின் அளவைச் சொல்லும் அலகு) பொட்டாசியம் இருக்கிறது. அதை டிரிப் பாட்டிலில் நன்றாகக் கலந்து, மணிக்கணக்கில், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். கலக்காமல் நேரடியாக ஊசியில் செலுத்தினால் நோயாளியின் இதயம் அங்கேயே நின்றுவிடும். அந்த ஊசிக்காகக் காத்திருந்தவர் நிமோனியா காய்ச்சலோடு வந்திருந்த 26 வயதுப் பெண். அவர் கையில் கேனுலா, அதாவது மருந்து ஏற்றும் மெல்லிய குழாய், போட்டிருந்தது. நான்கு அடி தூரத்தில் அவருடைய அம்மா தரையில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சிரிஞ்சை அப்புறப்படுத்திவிட்டு, வேறு ஆம்பியூலை எடுத்து, மூன்று முறை படித்து, ஊசியைப் போட்டேன். பிறகு மருந்து அலமாரிக்கு அருகில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் கை நடுங்கவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணைக் கொன்றிருப்பேன் என்பது அறிவுக்குத் தெரிந்தது, ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை. ஆம்பியூல் மாறியதைவிட அந்த அசையாமைதான் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதைக் காட்டிக்கொடுத்தது. அது தொடர்ச்சியாக ஒன்பதாவது நைட் டியூட்டி.

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள் நான். அப்பா தறி நெய்தார். அம்மா சங்கிலியை அடகு வைத்து என்னை ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பு படிக்க வைத்தார். "நர்சு படிச்சவளுக்கு எந்த ஊர்லயும் சோறு உண்டு" என்பது அவருடைய வாதம், அதில் தவறும் இல்லை. 2012இல் தென்மாவட்ட நகரம் ஒன்றில் சுமார் 150 கட்டில்கள் கொண்ட தனியார் மருத்துவமனையில் 4,500 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். சேரும்போது இரண்டு ஆண்டு வேலையை விட மாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கி, மதிப்பெண் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளையும் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு என் சம்பளம் 14,500 ரூபாய். இந்த எண்ணைச் சொல்ல நீண்ட நாள் எனக்குக் கூச்சம் இருந்தது. கூச்சப்பட வேண்டியது நான் அல்ல என்பது மிகவும் தாமதமாகத்தான் புரிந்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியம் பற்றி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 கட்டில்களுக்கும் குறைவான சிறிய மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. எங்கள் வார்டில் இதைக் கேள்விப்பட்டவர்கள் எவருமே இல்லை.

ஆம்பியூல் சம்பவத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு நடந்தது ஒன்று இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. பதினோராம் கட்டிலில் சிறுநீரகம் செயலிழந்த ஒரு பெரியவர் இருந்தார். தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவரின் உத்தரவு. இரவு இரண்டு மணி சுமாருக்கு, "தாயி, உதடு காயுது" என்று கூப்பிட்டார். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடுவதற்கு எந்தத் தடையும் கிடையாது, இரண்டே நிமிட வேலை. "இதோ வர்றேன் தாத்தா" என்றேன். அப்போது இரண்டு நோயாளிகளின் காப்பீட்டு ஒப்புதலுக்காக ரிப்போர்ட்டுகளை ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன், காலை எட்டு மணிக்குள் போகாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். மூன்றரைக்கு மறுபடி கூப்பிட்டார், அதையே சொன்னேன். நாலரைக்கு மூன்றாவது முறை, அப்போதும் அதையே சொன்னேன். 5.20க்கு அவர் இறந்தார். கேஸ் ஷீட்டில் நேரத்தை எழுதினேன், உடலைத் தயார் செய்தேன், அடுத்த ஷிப்டுக்கு ஹேண்ட் ஓவர் கொடுத்தேன், வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டுத் தூங்கினேன். அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மிகுந்த அக்கறையோடு இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த மரத்துப்போதல் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பர்ன் அவுட்டை, அதாவது பணிச்சோர்வை, பணிச்சூழல் சார்ந்த ஒரு நிலை என்று வரையறுத்தது, அதை நோய் என்று சொல்லவில்லை. அது குறிப்பிடும் மூன்று அடையாளங்கள், சக்தி முற்றிலும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்யும் வேலை எதுவும் உருப்படியாக இல்லை என்ற எண்ணம் வலுப்பது ஆகியவை. மூன்றும் என்னிடம் இருந்தன. இதைவிட எனக்கு நெருக்கமாகப்பட்டது ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற தத்துவப் பேராசிரியர் 1984இல் செவிலியர்களை வைத்தே எழுதிய ஒரு கருத்து. எது சரி என்பது தெரிந்திருந்தும், அதைச் செய்யவிடாமல் நிறுவனத்தின் நடைமுறைகள் தடுக்கும்போது ஏற்படும் வேதனையை அவர் அறநெறி சார்ந்த துயரம் என்றார். பதினோராம் கட்டிலும் ஸ்கேனரும்தான் அது.

அந்த நாட்களில் நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் "எனக்கு நர்ஸ் வேலையே வெறுத்துப்போச்சு" என்ற ஒரே வாக்கியம்தான். கணவரிடம் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன். கணவர் லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். "விட்டுடு, பாத்துக்கலாம்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் மகளின் பள்ளிக் கட்டணம் என் சம்பளத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

உண்மையில் எனக்கு உதவியது வேறொரு வார்டின் இன்சார்ஜாக இருந்த மூத்த அக்கா. ஆம்பியூல் விஷயத்தை அவரிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "எந்த வேலைய வெறுக்குறன்னு மொதல்ல எழுதிப் பாரு. ஒரு மாசம் எழுது. அதுக்கப்புறம் விடுறதா இருக்குறதா முடிவு பண்ணு" என்றார். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த ஒரு குட்டி நோட்டையும் தந்தார்.

28 டியூட்டிகள் எழுதினேன். அரை மணிக்கொரு முறை, அந்த நேரத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை ஒரே சொல்லில் குறித்தேன். ஊசி, பில், போன், இண்டென்ட் (மருந்து கேட்டு எழுதும் சீட்டு), ரிப்போர்ட், ஸ்கேன், லேப், சண்டை, துடைத்தல், பேச்சு. டியூட்டி முடிந்ததும் அன்று மிகவும் வெறுத்த நேரம் எது, கொஞ்சமாவது மனம் நிறைந்த நேரம் எது என்று இரண்டு வரி. இதற்கு மொத்தமாகவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, எழுத முடியாத நாட்களை வெறுமையாக விட்டேன்.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. 12 மணி நேர நைட் டியூட்டியில் சராசரியாக ஐந்து மணி நேரம் பில், காப்பீடு, போன், பார்மசி இண்டென்ட் ஆகியவற்றில் போயிருந்தது. நோயாளியின் அருகில் நின்ற நேரம் சுமார் நான்கு மணி, அதிலும் பெரும்பகுதி ஊசியும் டிரிப்பும். 'துடைத்தல்' என்ற சொல் 28 நாட்களில் ஆறு இடத்தில்தான் இருந்தது. மனம் நிறைந்த நேரம் என்று நான் எழுதியிருந்தவற்றைத் தனியாகப் படித்தேன். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டது, ஒரு பாட்டிக்குத் தலை வாரிவிட்டது, இன்சுலின் போட ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தது என்று அத்தனையும் நோயாளியைத் தொட்டுச் செய்த வேலைகள். வெறுத்த நேரங்களில் ஒன்றுகூட அப்படிப்பட்டதாக இல்லை. செவிலியர் வேலையை நான் வெறுக்கவில்லை, அதைச் செய்ய விடாததைத்தான் வெறுத்திருக்கிறேன் என்பது அந்த நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. யாராவது வாயால் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். எனவே இந்த வேலையை விடலாமா என்று என்னிடம் கேட்கிற தங்கைகளுக்கெல்லாம் முதலில் இந்த நோட்டைத்தான் சொல்கிறேன். சிலருக்கு என் முடிவுக்கு நேரெதிராக வந்திருக்கிறது. இரத்தமும் வலியும் நிறைந்த இடத்தில் தொடுதலே தங்களுக்குப் பாரமாக இருக்கிறது, பதிவேடும் தரப்பிரிவும்தான் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்து, மருத்துவமனைத் தர அங்கீகாரப் பணிக்கு மாறி நிம்மதியாக இருப்பவர் ஒருவர் உண்டு. அதுவும் சரியான விடையே.

நோட்டோடு இன்னொரு கணக்கையும் அக்கா போட்டுக் காட்டினார். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி பொது மருத்துவமனையின் பொது வார்டில் 5 கட்டிலுக்கு 1 செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் 3 கட்டிலுக்கு 1 செவிலியர், அதற்கு மேல் விடுப்பு எடுப்போருக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல். எங்கள் வார்டில் 34 கட்டில்கள். அந்த அளவை மூன்று ஷிப்டுக்கும் சேர்த்தே என்று நிர்வாகத்துக்குச் சாதகமாக வைத்துக்கொண்டாலும் 7 பேர், விடுப்பு ஈட்டோடு 9 பேர் வேண்டும். நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். காலையில் இருவர், மதியம் ஒருவர், இரவு ஒருவர், ஒருவருக்கு ஆஃப். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்திக்கு டபுள் டியூட்டி. 34 பேரை இரவு முழுவதும் ஒருத்தி பார்ப்பதில் உதடு காய்ந்த ஒருவர் விடுபட்டுப்போவது என் மனதின் கோளாறு மட்டுமே அல்ல என்பது புரிந்த அன்றுதான் நான் முதன்முறையாக அந்தப் பெரியவருக்காக அழுதேன்.

பணிச்சோர்வு என்று முடிவுகட்டுவதற்கு முன் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்பதை இந்த இடத்தில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஊருக்கெல்லாம் இரத்தம் எடுக்கும் நாம் நமக்கு எடுத்துக்கொள்வதில்லை. அக்கா கட்டாயப்படுத்தியதால் பார்த்தேன், ஹீமோகுளோபின் 8.4தான் இருந்தது, அது மிகவும் குறைவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தப் பாதியில் செவிலியர் சீருடை அணிந்தவர்களும் இருக்கிறோம். தைராய்டு, பி12, சர்க்கரை ஆகியவற்றையும் அதே ஊசியில் பார்த்துவிடலாம். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது, எரிச்சலிலும் கணிசமான பகுதி குறைந்தது. மிச்சம் இருந்தது உண்மையான பணிச்சோர்வு. விடுமுறையிலும் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெடுவது, இறந்துபோகலாம் என்ற நினைப்பு வருவது போன்றவை மனச்சோர்வு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். அப்போது நோட்டும் கணக்கும் போதாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். எனக்கு அப்படிப்பட்ட ஓர் இரவு வந்தபோது வீட்டு மொட்டை மாடியில் நின்று அரசின் மருத்துவ உதவி எண்ணான 104ஐ அழைத்தேன், எதிர்முனையிலிருந்த ஆலோசகர் இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற தேசிய மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். செவிலியர் அழைத்தால் என்ன நினைப்பார்கள் என்று தயங்க வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றி நாம் மற்றவர்களுக்குச் சொல்வதை நாமே கடைப்பிடிப்பதில்லை. மனித உடலின் வெப்பநிலையும் விழிப்பும் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம் விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை, நான் ஆம்பியூலை மாற்றி எடுத்தது அந்த நேரத்தில்தான். நான் செய்துகொண்ட மாற்றங்கள் எல்லாம் சிறியவை. இரண்டு மணிக்குப் பிறகு டீ குடிப்பதை நிறுத்தினேன். மூன்று மணி வாக்கில், பக்கத்து வார்டுத் தோழியிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு 20 நிமிடம் கண்ணை மூடினேன், அவளுக்கும் அதே போல் நான் பார்த்துக்கொண்டேன். காலையில் ஸ்கூட்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் வந்தேன், ஏனென்றால் இரண்டு முறை சிக்னலில் கண் செருகியிருக்கிறது. வீட்டில் ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டினேன். மிகக் கடினமானது அத்தையிடம் பேசியது. மருமகள் பகல் முழுக்கத் தூங்குகிறாள் என்பது எந்த மாமியாருக்கும் எளிதில் ஒப்பக்கூடியதாக இல்லை. "அத்தை, நான் ராத்திரி ரெண்டு மணிக்கு உங்கள எழுப்பி சமைக்கச் சொன்னா எப்படி இருக்கும், எனக்குப் பகல் ரெண்டு மணி அப்படித்தான்" என்றேன். அன்றிலிருந்து காலிங் பெல்லின் ஒயரை அவரே கழற்றிவைக்க ஆரம்பித்தார்.

இன்னொன்று, நைட் டியூட்டித் தொடர் நடக்கும்போது வாழ்க்கை முடிவு எதையும் எடுக்காதீர்கள். தொடர்ந்து மூன்று இரவு வீட்டில் தூங்கி எழுந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால் அது உங்களுடைய எண்ணம், அதற்கு முன்னால் வருவது தூக்கமின்மையின் எண்ணம்.

மருத்துவமனை நிர்வாகம் எங்கள் சோர்வைக் கவனிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு தியான வகுப்பு ஏற்பாடு செய்தார்கள். நைட் டியூட்டி முடித்தவர்களையும் காலை எட்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். நடத்திய அம்மையார் நல்லவர், சொன்னதும் நல்லதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குத் தூக்கமாகக் கிடைத்திருக்க வேண்டியது. ஆள் பற்றாக்குறையை மூச்சுப் பயிற்சியால் ஈடுசெய்ய முடியாது. அதேபோல, சம்பளம் கேட்டால் "இது சேவைம்மா" என்று சொல்வது என்னை மிகவும் காயப்படுத்தியிருக்கிறது. செவிலியர் தினமான மே 12 அன்று மெழுகுவர்த்தி ஏந்தி உறுதிமொழி எடுக்கும்போது நான் ஒவ்வொரு வருடமும் கண் கலங்கியிருக்கிறேன், அந்தச் சொற்களை முழு மனதோடு சொல்லியிருக்கிறேன். அந்த உணர்வையே எடுத்து எங்கள் வாயை அடைக்கும்போதுதான் வேலையின் மீதான பற்று உள்ளுக்குள் அறுகிறது.

2022 பிப்ரவரியில் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தோம். தனியாகப் போய் அழுதால் பலவீனம் என்பார்கள், சத்தம் போட்டால் திமிர் என்பார்கள் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்ததால், ஐந்து கையெழுத்தோடு, ஒரே பக்கத்தில், மூன்றே கோரிக்கைகளை எழுதினோம். பொட்டாசியம் குளோரைடை டிராலியிலிருந்து அகற்றித் தனிப் பெட்டியில், சிவப்பு லேபிளோடு பூட்டி வைக்க வேண்டும். இரவு பத்து மணி வரை காப்பீட்டு வேலைக்குத் தனி ஆள் வேண்டும். இரவில் இரண்டாவது செவிலியர் வேண்டும். ஆம்பியூல் சம்பவத்தை யாருடைய பெயரும் இல்லாமல், நடந்தது நடந்தபடி எழுதியிருந்தோம். என் நோட்டின் கூட்டுத் தொகையையும் இணைத்தோம். முதல் கோரிக்கை மறுநாளே நிறைவேறியது, ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் பூட்டும் வாங்குவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? இரண்டாவதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு பெண்ணைப் போட்டார்கள். மூன்றாவதற்கு "பட்ஜெட் இல்லை" என்ற பதில் வந்தது. முக்கியமான கோரிக்கை தோற்றதுதான், இருந்தாலும் அந்தக் கடிதத்துக்குப் பிறகு வார்டில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட விதமே மாறியது. எவளும் தன் தவறைத் தனியாகச் சுமக்கவில்லை. ஊசியில் எங்கே தடுமாற்றம் வந்தாலும் ஹேண்ட் ஓவரில் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தோம்.

வெளிநாட்டைப் பற்றியும் நான் யோசிக்காமல் இல்லை. என்னோடு படித்தவர்களில் சிலர் வளைகுடாவிலும், ஒருத்தி பிரிட்டனிலும் இருக்கிறார்கள். அவர்கள் சம்பாதிப்பது மரியாதைக்குரிய தொகை, குடும்பங்களை அது நிமிர்த்தியிருக்கிறது. பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வு, பிறகு கணினித் தேர்வு, அங்கே போன பிறகு செய்முறைத் தேர்வு என்று படிகள் உண்டு. ஜெர்மனிக்கு அந்த மொழியையே பி2 நிலை வரை கற்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் தெளிந்த மூளை வேண்டும். வற்றிப்போன நிலையில் லட்சக்கணக்கில் ஏஜென்ட்டிடம் கட்டி, கடனோடு போய் இறங்கியவர்களின் கதையையும் கேட்டிருக்கிறேன். போக விரும்புகிறவர்கள் முதலில் சரியாகத் தூங்கி, உடம்பைத் தேற்றி, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது, எனக்கு அது ஒத்துவரவில்லை.

வேலையை விடுவது என்று முடிவானதும் மூன்று காரியங்களில் கவனமாக இருந்தேன். முதலில் பணம். ஐந்து மாதம் சீட்டுப் பணத்தைத் தொடாமல் சேர்த்து, மூன்று மாதச் செலவுக்கு வைத்துக்கொண்டேன். அடுத்தது காகிதம். பாண்ட் முடிந்து பல வருடமாகியும் கேட்காமல் விட்டிருந்த மூலச் சான்றிதழ்களை, வேலையை விடப்போகிறேன் என்று சொல்வதற்கு முன்பே, எழுத்து மூலம் கேட்டு வாங்கினேன். தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் என் பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், வேலை தேடும்போதுதான் பலருக்கும் அது நினைவுக்கு வருகிறது. மூன்றாவது, கோபத்தில் வெளியேறாதது. நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை செய்து, அனுபவச் சான்றும் ரிலீவிங் ஆர்டரும் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அடுத்த வேலைக்கு அவை இரண்டும்தான் என்னை அழைத்துப்போயின.

அடுத்த வேலை, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது பலருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடிப் போவதும் அதன் ஒரு பகுதி. என் நோட்டைப் படித்துவிட்டு அக்காதான் இந்த விளம்பரத்தைக் காட்டினார். 2022 ஆகஸ்டில் சேர்ந்தேன். இதுவும் ஒப்பந்த வேலை, சம்பளமும் பெரிதாகக் கூடிவிடவில்லை. நிரந்தரப் பணி இல்லாத கவலை அப்படியே இருக்கிறது, அதற்காகக் குரல் கொடுப்பவர்களோடு நானும் நிற்கிறேன். வெயிலில் அலைய வேண்டும். நாம் பார்க்கிறவர்களில் பலர் இறந்துபோவார்கள், அதற்குப் பழகவே முடியாது. இருந்தும் இரவில் தூங்குகிறேன், ஒரு நாளைக்கு ஆறேழு வீடுகள்தான், ஒவ்வொரு வீட்டிலும் உட்கார நேரம் இருக்கிறது.

சேர்ந்த மூன்றாவது மாதம். வாய்ப் புற்றுநோய் முற்றிய ஒரு முதியவரின் வீடு. மகள்தான் பார்த்துக்கொள்கிறாள், பீடி சுற்றுகிறவள். அப்பா இரண்டு நாளாகப் பேசவில்லை, வாயைத் திறக்கவும் விடவில்லை என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தபோது நாக்கும் மேலண்ணமும் காய்ந்து, வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அடுப்படியிலிருந்து ஆப்ப சோடாவை எடுத்துவரச் சொல்லி, ஆறிய வெந்நீரில் ஒரு சிட்டிகை கரைத்தேன். சுண்டுவிரலில் காஸ் துணியைச் சுற்றி, நனைத்து, பிழிந்து, முதலில் உதட்டில் வைத்தேன். சற்று நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம் என்று, துணியை மாற்றி மாற்றி, புண் இருக்கும் பக்கத்தைத் தொடாமல் துடைத்தேன். அது முடிய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவினேன். அடுத்த தடவை அவளுடைய விரலில் துணியைச் சுற்றிவிட்டு, அவள் கையைப் பிடித்துச் செய்ய வைத்தேன். "நாளைக்குக் காலைல நீயே செய்வியா?" என்றேன். "செய்றேங்க்கா" என்றாள், விரலிலிருந்து துணியைக் கழற்றாமலே. பெரியவர் கண்ணைத் திறந்து, மிகவும் மெதுவாக, "இன்னொருக்கா" என்றார். கிண்ணத்தில் தண்ணீர் மீதமிருந்தது.